அறிந்துகொள்வோம்: கம் ஷாப்ட் சென்சர்



“கம் சென்சர் போயிட்டுது அக்கா, மாத்த வேணும்.” கராஜில் இப்படிச் சொல்லக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் வைத்திருப்பவர்கள், லீசிங்கில் கார் எடுத்து ஹயர் ஓடுபவர்கள், கணவர் விட்டுச் சென்ற காரை மகனிடம் கொடுத்து அந்த வருமானத்தில் வீடு நடத்துபவர்கள் என்று வாகனத்தை நம்பி வாழும் பெண்கள் எங்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். ஓடினால்தான் காசு. வாகனம் ஒரு கிழமை கராஜில் நின்றால் அந்தக் கிழமை அரிசிக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். லீசிங்காரர் அதற்காகத் தவணையைத் தள்ளிப் போடமாட்டார்கள்.

அப்படியிருந்தும் இந்தச் சாமானின் பெயரைக் கேட்டதும் நாங்கள் கூட வந்த தம்பியின் முகத்தைப் பார்க்கிறோம். மெக்கானிக்கும் தம்பியைப் பார்த்துத்தான் கதைக்கிறார். காசை எண்ணிக் கொடுப்பது மட்டும் அக்கா. இந்த மாதம் அந்தச் சென்சர் என்ன செய்கிறது, அது ஏன் எஞ்சினில் இருக்கிறது, “மாத்த வேணும்” என்று சொன்னால் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாக வாசித்தால் போதும். தையல் மெஷின் மிதித்தவர்களுக்கும் சைக்கிளில் டைனமோ பூட்டியவர்களுக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

பெற்றோல் எஞ்சினுக்குள் சிலிண்டர் என்ற உருளைகள் இருக்கின்றன. பெரும்பாலான கார்களில் நான்கு, சின்னக் கார்களில் மூன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். அந்த மேல்கீழ் ஓட்டத்தைச் சுற்றலாக மாற்றும் தண்டுதான் கிராங் ஷாப்ட். தையல் மெஷினின் மிதிபலகை மேலும் கீழும் அசைய, பக்கத்தில் இருக்கும் பெரிய சில்லு சுற்றுகிறதே, அதே வேலை.

ஒரு பிஸ்டனுக்கு நான்கு அசைவுகள். முதலில் கீழே இறங்கும். அப்போது காற்றும் பெற்றோலும் உள்ளே வரும். அடுத்து மேலே ஏறி அந்தக் கலவையை இறுக்கி அமுக்கும். உச்சிக்கு வரும் தறுவாயில் பிளக்கில் பொறி விழும். கலவை எரிந்து பிஸ்டனைப் பலமாகக் கீழே தள்ளும். எஞ்சினுக்குச் சக்தி கிடைப்பது இந்த ஒரு அசைவில் மட்டுந்தான். கடைசியாக மீண்டும் மேலே ஏறி, எரிந்த புகையை வெளியே தள்ளும். நான்கு அசைவு என்பதால் ஃபோர் ஸ்ட்ரோக் என்கிறார்கள். ஒரு இறக்கமும் ஒரு ஏற்றமும் சேர்ந்தால் கிராங் ஒரு சுற்று. ஆகவே நான்கும் முடிவதற்குக் கிராங் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்த ‘இரண்டு சுற்று’ என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் சிலிண்டரின் தலைப்பக்கத்தில் வால்வுகள் என்ற கதவுகள் இருக்கின்றன. அவற்றைச் சரியான நேரத்தில் திறந்து மூடுவது கம் ஷாப்ட். அது ஒரு நீளத் தண்டு. அதில் முட்டையின் கூர்ப்பக்கம் போலப் புடைத்த மேடுகள் இருக்கும். தண்டு சுற்றும்போது மேடு வந்து வால்வை அழுத்தும், கதவு திறக்கும். மேடு கடந்து போனதும் ஸ்பிரிங் கதவை மூடிவிடும். அந்த மேட்டுக்குத்தான் கம் என்று பெயர். பழைய கறுப்புத் தையல் மெஷினில் நூலை மேலும் கீழும் இழுக்கும் கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். அதை அசைப்பதும் உள்ளேயிருக்கும் ஒரு கம்தான். ஊசி எப்போது இறங்க வேண்டும், நூல் எப்போது தளர வேண்டும் என்ற ஒழுங்கை அது காப்பாற்றுகிறது. அந்த ஒழுங்கு கொஞ்சம் பிசகினால் தையல் விட்டுவிட்டு விழும், இல்லாவிட்டால் ஊசி முறியும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான்கு அசைவில் ஒவ்வொரு வால்வும் ஒருமுறைதான் திறக்க வேண்டும். எனவே கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கம் ஷாப்ட் ஒரு சுற்று மட்டுமே சுற்ற வேண்டும். இரண்டையும் ஒரு செயின் அல்லது பெல்ட் இணைக்கிறது. கம் பக்கச் சில்லில் பற்கள் இரண்டு மடங்கு என்பதால் வேகம் பாதியாகிவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்றால் கிராங் ஒரு வினாடியில் 50 தடவை சுற்றுகிறது, கம் ஷாப்ட் 25 தடவை. நாங்கள் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பதற்குள் பல சுற்று முடிந்துவிடும்.

இனித்தான் விஷயம். இன்றைய கார்களில் எந்தச் சிலிண்டருக்கு எப்போது பெற்றோல் தெளிப்பது, எப்போது பொறி கொடுப்பது என்பதை ஒரு சின்னக் கணனி தீர்மானிக்கிறது. கராஜில் அதைப் ‘பொக்ஸ்’ என்பார்கள். பொக்ஸுக்குக் கண் இல்லை. எஞ்சினுக்குள் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதற்காகக் கிராங் ஷாப்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்சர் வைத்திருக்கிறார்கள். சரி, அந்த ஒன்று போதாதா? கம் ஷாப்டுக்கும் இன்னொன்று எதற்கு?

சுவரில் தொங்கும் மணிக்கூட்டைப் பாருங்கள். முள் ஆறில் நிற்கிறது. காலை ஆறா, மாலை ஆறா? மணிக்கூட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மணி முள் ஒரு நாளில் இரண்டு தடவை சுற்றுகிறது. முற்றத்துக்கு வந்து, வெளிச்சம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். கிராங் ஷாப்ட் அந்த மணி முள் போல. “முதலாம் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது” என்று கிராங் சென்சர் சொல்லும். ஆனால் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை கலவையை அமுக்கிக்கொண்டு வருகிறது, மறுமுறை புகையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. முதலாவதில் பொறி வேண்டும். இரண்டாவதில் பொறி கொடுத்துப் பயனில்லை. இது எந்த வருகை என்பது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுற்றும் கம் ஷாப்டுக்கு மட்டுமே தெரியும். அதைப் பொக்ஸுக்குச் சொல்வதுதான் கம் ஷாப்ட் சென்சரின் தொழில்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முதலாவதும் நான்காவதும் எப்போதும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. முதலாவது அமுக்கிக்கொண்டு உச்சிக்கு வரும்போது நான்காவது புகையைத் தள்ளிக்கொண்டு உச்சிக்கு வரும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிலை, ஆனால் செய்யும் வேலை வேறு. கார்மென்ட்ஸில் வேலை செய்த சகோதரிகளுக்கு இன்னொரு உதாரணம் தெரியும். அங்கேயுள்ள வேக மெஷின்களில் ஊசி ஒருமுறை இறங்கி ஏற, கீழேயுள்ள ஹூக் இரண்டு சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றில்தான் நூலைப் பிடிக்கும், மற்றச் சுற்று வெறுஞ்சுற்று.

எங்கள் வீதிகளில் அதிகம் ஓடும் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டொயோட்டாவின் 1என்இசட்-எஃப்இ என்ற ஒன்றரை லீற்றர் எஞ்சின். கொறோலா 121, அக்ஸியோ, புறொபொக்ஸ், அலியன், விற்ஸ் என்று பல வாகனங்களில் இது பூட்டியிருக்கிறது. அதன் கிராங் ஷாப்டில் பல்லு வைத்த ஒரு தட்டு இருக்கும். 36 பல்லுக்கு இடம். ஆனால் 34 பல்லுத்தான். இரண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். பத்துப் பாகைக்கு ஒரு பல்லு சென்சரைக் கடந்து போகும். ஒவ்வொரு பல்லுக்கும் பொக்ஸுக்கு ஒரு துடிப்பு. பல்லில்லாத இடம் வரும்போது ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியை வைத்துப் பொக்ஸ் ‘இது சுற்றின் தொடக்கம்’ என்று அடையாளம் பிடித்து அங்கிருந்து எண்ணத் தொடங்கும். கம் ஷாப்ட் பக்கத்தில் இருப்பது மூன்று பல்லு மட்டுமே. பல்லு எத்தனை என்பதும் அவை எங்கே இருக்கும் என்பதும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: கிராங்கின் அமைதி வந்த வேளையில் கம் பக்கத்தில் என்ன துடிப்பு வந்தது என்று பொக்ஸ் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதிலிருந்து இது காலை ஆறா மாலை ஆறா என்று அறிந்துகொள்கிறது. பிறகு 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் சிலிண்டர்களுக்குப் பொறி கொடுக்கிறது.

பல்லு கடந்து போவதைச் சென்சர் எப்படி அறிகிறது? அது எதையும் தொடுவதில்லை. இரண்டு வகைகள் உண்டு. முதலாவது வகைக்குள் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இரும்புப் பல்லு கிட்ட வரும்போதும் விலகும்போதும் காந்தப்புலம் மாறும். புலம் மாறினால் சுருளில் மின் பிறக்கும். 1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்த உண்மை அது. சைக்கிள் டைனமோவில் நடப்பதும் அதேதான். 1990 இல் போர் மீண்டும் மூண்ட பிறகு வடக்கில் மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் வராமல் இருந்த ஆண்டுகள் உங்களில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனை! சுற்றுகிற பிள்ளையின் கை களைத்தால் செய்தியும் மங்கிப் போகும். அந்த மங்கலை நினைவில் வையுங்கள். இந்த வகைச் சென்சருக்கும் அதே குணம் உண்டு. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் துடிப்புப் பலமாக இருக்கும், மெதுவாகச் சுற்றினால் பலவீனமாக இருக்கும். பற்றரி களைத்து, ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும் நாளில் சென்சரில் பழுதே இல்லாமல் துடிப்புப் போதாமல் போகலாம். எனவே கம் சென்சர் என்று சொன்னால் முதலில் பற்றரியைப் பார்க்கச் சொல்வதில் நட்டமில்லை.

இரண்டாவது வகையில் ஒரு சின்ன மின்னணுத் துண்டு இருக்கிறது. மின் ஓடும் ஒரு தகட்டின் மீது காந்தப்புலம் பட்டால் தகட்டின் குறுக்கே ஒரு சிறு வோல்ட் தோன்றும் என்று 1879 இல் எட்வின் ஹோல் என்ற அமெரிக்கர் கண்டார். அதனால் ஹோல் சென்சர் என்கிறார்கள். பல்லு வந்தால் ஒரு நிலை, பல்லு போனால் மறு நிலை, லைற் சுவிச் போல. மெதுவாகச் சுற்றினாலும் துடிப்பு மங்காது. ஆனால் இது வேலை செய்ய வெளியிலிருந்து மின் கொடுக்க வேண்டும். இரண்டையும் வேறுபடுத்த ஒரு சுலபமான வழி இருக்கிறது: வழமையாக இரண்டு வயர் வந்தால் காந்தச் சுருள் வகை, மூன்று வயர் வந்தால் ஹோல் வகை. சில காந்தச் சுருள் சென்சர்களில் மூன்றாவதாக ஒரு கவச வயரும் இருக்கும் என்பதால் இதையே முடிந்த முடிவாக எடுக்க வேண்டாம்.

இதெல்லாம் இல்லாமல் முந்திய கார்கள் எப்படி ஓடின என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் மைனரையும் ஏ ஃபோட்டியையும் நினைத்துப் பாருங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஸ்டார்ட் பண்ணச் சில துளி பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய் என்று புகை கக்கிக்கொண்டு நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றித் திரிந்தவை அவை. அவற்றில் கணனி இல்லை, சென்சர் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் என்ற கறுப்பு மூடி போட்ட ஒரு சாமான் இருந்தது. மூடியின் நடுவில் ஒரு வயர், சுற்றிவர நாலு வயர். உள்ளே ஒரு கை சுற்றிச் சுற்றி வந்து நாலு பிளக்குக்கும் முறைவைத்துப் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும். அந்தக் கையைச் சுற்றியது வேறு எதுவுமில்லை, கம் ஷாப்ட்தான். கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றியதால் எது அமுக்கல் சுற்று, எது புகைச் சுற்று என்ற கேள்வியே அங்கு எழவில்லை. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி அரைச்சுற்று மாறிப் பூட்டிவிட்டால் மட்டும் கார் ஸ்டார்ட் ஆகாது. கார்பரேட்டருக்குள் ‘டுப்’ என்று வெடிக்கும். காலையை மாலை என்று நினைத்த வெடிப்பு அது. ஆக, வேலை பழையது. அன்று இரும்புக் கை செய்ததை இன்று ஒரு துடிப்பும் கணனியும் செய்கின்றன. எனக்கு இரண்டில் எது நல்லது என்று கேட்டால், பெற்றோல் மிச்சம் பிடிப்பதில் புதியது நல்லது, வீதியோரத்தில் வைத்துத் திருத்துவதில் பழையது நல்லது என்பேன்.

ஒரு சிலிண்டர் மட்டும் உள்ள, கார்பரேட்டர் பூட்டிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் இந்தச் சென்சர் கிடையாது. அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி கொடுத்துவிடுகிறார்கள். ஒன்று வேலை செய்யும், மற்றது புகையில் விழுந்து வீணாகும். வீணானாலும் கெடுதல் இல்லை. கணனி இல்லாத பழைய டீசல் வான்களிலும் இது இல்லை. டீசலை நேரம் பார்த்துக் கொடுப்பது பம்பே. மின்சாரத்தில் மட்டும் ஓடும் கார்களில் கம் ஷாப்டே கிடையாது. ஹைபிரிட் கார்களில் எஞ்சினும் உண்டு, சென்சரும் உண்டு.

புதிய எஞ்சின்களில் இந்தச் சென்சருக்கு இன்னொரு பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள். வேகத்துக்கு ஏற்றபடி வால்வு திறக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தும் வசதி இப்போது உண்டு. டொயோட்டாவில் விவிரி-ஐ என்று எழுதியிருக்கும். எஞ்சின் ஒயிலின் அமுக்கத்தால்தான் கம் ஷாப்டை அப்படித் திருப்புகிறார்கள். திருப்பச் சொன்ன அளவுக்குத் திரும்பியதா என்று பார்த்துச் சொல்வதும் கம் சென்சர்தான். இதனால்தான் ஒயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போடும் காரில், ஒயில் தார் போலாகி வழிகள் அடைபட்டு, கம் ஷாப்டைப் பற்றிய முறைப்பாடுகள் வரத் தொடங்கும். ஹயர் ஓடும் கார்களில் இது அதிகம். காசு மிச்சம் என்று ஒயிலை விடுகிறோம், செலவு வேறு வழியில் வருகிறது.

சென்சரின் செய்தி வராமல் போனால் என்ன நடக்கும்? இது எல்லாக் காரிலும் ஒரே மாதிரி இல்லை. பல கார்களில் ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில்தான் இதன் தேவை மிக அதிகம். ஒருமுறை காலை எது மாலை எது என்று தெரிந்துவிட்டால் பிறகு கிராங் சென்சரின் துடிப்பை எண்ணிக்கொண்டே பொக்ஸ் சமாளித்துவிடும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் கார் ஓடிக்கொண்டேயிருக்கும். செக் எஞ்சின் லைற் மட்டும் எரியும். வீட்டுக்கு வந்து நிற்பாட்டிவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் நெடுநேரம் சுற்றும், அல்லது ஸ்டார்ட் ஆகாமலே நின்றுவிடும். சில கார்களில் ஊகத்தில் பொறி கொடுத்துப் பார்த்துச் சரிவந்தால் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் இழுவை குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும், நடுவில் அடித்து அடித்து ஓடும். நோயாளரை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அந்த லைற் எரிந்தால், கார் ஓடுகிறது என்றால், ஆஸ்பத்திரி வாசல்வரை எஞ்சினை நிற்பாட்ட வேண்டாம். கிராங் சென்சர் போனால் கதை வேறு: ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நிற்கும்.

லைற் எரிந்தால் கராஜில் ஸ்கானர் பூட்டிப் பார்ப்பார்கள். பி0340 என்று ஒரு இலக்கம் வரும். எந்தக் கம்பனிக் காராக இருந்தாலும் இந்த இலக்கத்துக்கு ஒரே அர்த்தம்: கம் ஷாப்ட் சென்சரின் மின்சுற்றில் கோளாறு. மின்சுற்று என்ற சொல்லைக் கவனியுங்கள். மின்சுற்று என்றால் சென்சர், அதன் கனெக்டர், அங்கிருந்து பொக்ஸ்வரை போகும் வயர், பொக்ஸ் எல்லாம் அடங்கும். சென்சர் பழுது என்று ஸ்கானர் சொல்லவில்லை. அந்த வழியால் செய்தி வரவில்லை என்றுதான் சொல்கிறது. கடிதம் வரவில்லை என்றால் எழுதியவர் எழுதவில்லை என்று உடனே முடிவு கட்டுவோமா? தபாற்காரரும் இருக்கிறார், வழியும் இருக்கிறது.

எங்கள் மாதர் சங்கத்துச் சகோதரி ஒருவரின் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழ்பவர். வவுனியாவுக்கு ஹயர் ஓடித்தான் லீசிங் கட்டுகிறார். லைற் எரிந்தது, பி0340 வந்தது. ஒரு இடத்தில் பழைய சென்சர் ஒன்று வாங்கிப் போட்டார்கள். மூன்று நாளில் மறுபடியும் லைற். அடுத்த இடத்தில், “பொக்ஸ் போயிட்டுது, மாத்தினால்தான் சரி” என்றார்கள். சொன்ன விலையைக் கேட்டு அவர் சங்கிலியை அடகு வைக்க யோசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பக்கத்து ஊர் ஐயா ஒருவரிடம் காட்டும்படி இன்னொருவர் சொன்னார். வயதானவர், சொந்தமாகக் கராஜும் இல்லை, ஒரு மரத்தின் கீழ்தான் வேலை. அவர் ஸ்கானரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு, சென்சரிலிருந்து வரும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். உறைக்குள் ஒரு இடத்தில் எலி கடித்து ஒரு வயர் நூலளவில் தொங்கிக்கொண்டிருந்தது. கார் இரவில் நிற்பது நெல்லு மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில். வயரை வெட்டி இணைத்து, ரேப் சுற்றி, உறையை மூடினார். கூலி வாங்கத் தயங்கினார். அக்கா கட்டாயப்படுத்திக் கொடுத்தார்.

எல்லாக் கராஜிலும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்கானர் ஒரு பெயரைச் சொன்னதும் அந்தச் சாமானை மாற்றுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. வயரைத் தேடுவதற்கு நேரம் வேண்டும். ஆனால் அந்தப் பழக்கத்தின் செலவு எங்கள் தலையில் விழுகிறது. போதாக்குறைக்கு எங்களிடம் ஓடுவதும் வயதான வாகனங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் இருந்ததையே ஓட்டினோம். எஞ்சின் சூட்டில் வயரின் உறை வெடிக்கும், கனெக்டரின் பூட்டு முறியும், ஒயில் கசிந்து கனெக்டருக்குள் போகும்.

ஆகவே கராஜில் நிற்கும்போது கேளுங்கள். “என்ன கோட் வந்தது தம்பி, எழுதித் தாங்கோ” என்று கேட்டு, அந்த இலக்கத்தைத் துண்டில் வாங்குங்கள். “வயரையும் கனெக்டரையும் பார்த்தீங்களோ?” என்று கேளுங்கள். கனெக்டரைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதிலேயே சரிவந்த கார்கள் உண்டு. மூன்று வயர் சென்சர் என்றால், “சென்சருக்கு வோல்ட் வருகுதோ?” என்று மல்ரி மீற்றரால் பார்க்கச் சொல்லுங்கள். மின் வராத சென்சரை மாற்றி என்ன பயன்? இரண்டு வயர் வகை என்றால் சுருள் அறுந்திருக்கிறதா என்று அதே மீற்றரால் பார்க்கலாம். இந்தச் சோதனைகளைச் செய்த பிறகு சென்சர்தான் பழுது என்று சொன்னால், தாராளமாக மாற்றுங்கள். சென்சர் பழுதாகாத சாமான் அல்ல. வருடக்கணக்கான சூட்டில் அதன் உள்ளிருக்கும் சுருளும் துண்டும் கெடத்தான் செய்யும். சூடேறினால் மட்டும் நின்று, ஆறினால் வேலை செய்யும் சென்சர்களும் உண்டு. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி மத்தியானத்தில் மட்டும் அடம்பிடிக்கும் கார் என்றால் அதை மறக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஓட்டுகிற உங்களுக்குத்தான் அது தெரியும், அவருக்குத் தெரியாது.

ஒரு இலக்கத்துக்கு மட்டும் பயப்பட வேண்டும். பி0016 என்று வந்தால் கிராங் சொல்வதும் கம் சொல்வதும் பொருந்தவில்லை என்று அர்த்தம். கம் ஷாப்டைத் திருப்பும் ஒயில் வழி அடைபட்டாலும் இது வரலாம். ஆனால் ரைமிங் செயின் நீண்டோ பெல்ட் ஒரு பல்லுத் தாண்டியோ இருந்தால் சென்சர் சரியான செய்தியையே கொண்டு வருகிறது. பிழை எஞ்சினில் இருக்கிறது. சென்சரை மாற்றிப் போட்டு அப்படியே ஓடினால், பெல்ட் இன்னும் தாண்டி, பல எஞ்சின்களில் பிஸ்டன் போய்த் திறந்திருக்கும் வால்வில் அடிக்கும். வால்வு வளைந்தால் எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டும். அந்தச் செலவை எங்களில் யாரும் தாங்கமாட்டோம். அந்த இலக்கம் வந்தால் ஹயரை நிற்பாட்டிவிட்டு ரைமிங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய சாமான் கடையில் சென்சர் வாங்குவதானால் உங்கள் சென்சரைக் கையோடு கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உடம்பில் பொறித்த இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். நுனிக்கும் பல்லுக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளி மிகச் சிறியது. நீளம் கொஞ்சம் மாறினாலும் துடிப்பு வராது, அல்லது பல்லில் உரசும். காந்த நுனியில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த வழியால் ஒயில் கசியும். மாற்றிய பிறகு கோட்டை அழித்து, ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்து, மீண்டும் ஸ்கானர் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய சென்சரையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். அடுத்த முறை யாராவது அதே சாமானை மாற்ற வேண்டும் என்றால் எடுத்துக் காட்டலாம்.

பற்றரியைப் பற்றி இரண்டு சகோதரிகள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த மாதம் பார்ப்போம்.